நடுவில் மாட்டிக்கொண்ட 128 ஜிபி: ஜிபார்ட்டட் லைவ் மதிப்புரை

விண்டோஸுடன் ஒரே எஸ்எஸ்டியில் நிறுவி வைத்திருந்த உபுண்டு என்ற லினக்ஸ் இயங்குதளத்தின் தேவை எனக்குத் தீர்ந்துபோயிற்று. அதை நீக்கிவிட்டு, அதற்கென ஒதுக்கியிருந்த இடத்தைச் சி டிரைவுக்கே திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று எண்ணினேன். நீக்குவதற்கு ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. விண்டோஸில் உள்ள டிஸ்க் மேனேஜ்மென்ட்டைத் திறந்து, 120 ஜிபி அளவுள்ள உபுண்டுப் பிரிவையும் நினைவகத்துக்குத் துணையாக அது பயன்படுத்திய 8 ஜிபி அளவுள்ள ஸ்வாப் பிரிவையும் அழித்ததும், கறுப்புப் பட்டையிட்ட கட்டத்தில் 128 ஜிபி ஒதுக்கப்படாத இடம் தோன்றியது. ஆனால் சி டிரைவின் மேல் வலது கிளிக் செய்து பார்த்தால், எக்ஸ்டெண்ட் வால்யூம் என்ற கட்டளை மங்கிக் கிடந்தது. இடம் கண்ணெதிரே இருக்கிறது, கைக்கு எட்டவில்லை. அதை எட்டச் செய்வதற்காக நான் பயன்படுத்திய ஜிபார்ட்டட் லைவ் என்ற கருவியைப் பற்றியதே இந்த மதிப்புரை.

கருவிக்குப் போவதற்கு முன், அந்தக் கட்டளை ஏன் மங்கியது என்பதைச் சொல்ல வேண்டும். காரணம் புரியாமல் கருவியைக் கையில் எடுப்பவர்கள்தான் பெரும்பாலும் தரவை இழக்கிறார்கள். பார்ட்டிஷன் என்று நாம் சொல்லும் வட்டுப் பிரிவு ஒவ்வொன்றும், வட்டில் ஓர் இடத்தில் தொடங்கி இன்னோர் இடத்தில் முடியும் ஒரே தொடர்ச்சியான நிலம். டிஸ்க் மேனேஜ்மென்ட் அந்த நிலத்தின் வலது வேலியை மட்டுமே நகர்த்தும்; அதுவும் வேலியை ஒட்டி அடுத்ததாகவே வெற்றிடம் இருந்தால்தான். இடது வேலியை அது தொடாது. நடுவில் வேறொரு பிரிவு இருந்தால் தாண்டிப் போகவும் செய்யாது. என் வட்டில் அப்படி ஒன்று நடுவில் இருந்தது. சி டிரைவு 200 ஜிபி, அதை அடுத்து விண்டோஸ் பழுதானால் சரிசெய்யும் கருவிகள் இருக்கும் 700 எம்பி அளவு மீட்புப் பிரிவு, அதன் பிறகே அந்த 128 ஜிபி வெற்றிடம், கடைசியாக டி டிரைவு.

அந்த மீட்புப் பிரிவு நான் உபுண்டுவை நிறுவியபோது அங்கே இல்லை என்பதுதான் வேடிக்கை. விண்டோஸ் ஒரு பதிப்பிலிருந்து அடுத்த பதிப்புக்குத் தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும்போது, ஏற்கெனவே இருக்கும் மீட்புப் பிரிவு போதவில்லை என்று கண்டால், சி டிரைவின் வால்பகுதியில் கொஞ்சம் நறுக்கி அங்கே புதிதாக ஒன்றை உருவாக்கிக்கொள்வது உண்டு. அதனால், நிறுவிய நாளில் சி டிரைவும் லினக்ஸும் அடுத்தடுத்து இருந்ததை வைத்துக்கொண்டு, நீக்கும் நாளிலும் அப்படியே இருக்கும் என்று எவரும் நம்பிவிட வேண்டாம்.

இன்னொரு சிறு குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிடலாம். 512 ஜிபி என்று உறையில் அச்சிட்ட வட்டை விண்டோஸ் 476 ஜிபி என்றுதான் காட்டும். தயாரிப்பாளர் ஆயிரத்தின் மடங்குகளில் எண்ணுகிறார், விண்டோஸ் 1024-இன் மடங்குகளில் எண்ணிவிட்டு அதே ஜிபி என்ற பெயரைச் சூட்டுகிறது. லினக்ஸை நீக்கிய பிறகும் 36 ஜிபி காணவில்லை என்று தேடுபவர்களுக்கு எந்தக் கருவியும் உதவாது; அந்த இடம் ஒருபோதும் இருந்ததில்லை. ஜிபார்ட்டட் இந்த விஷயத்தில் நேர்மையானது: 1024-இன் மடங்கில் எண்ணுவதை அதற்குரிய ஜிஐபி என்ற அலகுப் பெயராலேயே குறிக்கிறது.

ஜிபார்ட்டட் என்பது லினக்ஸில் இயங்கும், வட்டுப் பிரிவுகளைத் திருத்தும் கட்டற்ற மென்பொருள். 2004 முதல் வெளிவந்துகொண்டிருக்கும் இது 1.0 என்ற எண்ணை எட்டியது 2019-இல்தான். அந்த நிதானம் இத்தகைய மென்பொருளுக்கு ஒரு தகுதி என்றே நான் கருதுகிறேன். லைவ் என்ற வடிவம், டெபியன் என்ற லினக்ஸ் வகையை அடிப்படையாகக் கொண்ட சிறிய இயங்குதளத்துடன் சேர்ந்து ஒரே ஐஎஸ்ஓ கோப்பாகக் கிடைக்கிறது. அதை ஒரு பென் டிரைவில் எழுதி, கணினியை அதிலிருந்து துவக்கினால், வட்டில் உள்ள எந்தப் பிரிவும் பயன்பாட்டில் இல்லாத நிலையில் எல்லாவற்றையும் திருத்த முடிகிறது. விண்டோஸுக்குள் இருந்துகொண்டே விண்டோஸ் உட்கார்ந்திருக்கும் நாற்காலியை நகர்த்த முயல்வதைவிட இது பாதுகாப்பானது. கட்டணம் கிடையாது, இணைய இணைப்பும் தேவையில்லை.

துவங்கும்போது விசைப்பலகை, மொழி, திரை ஆகியவை பற்றி எழுத்துத் திரையில் சில கேள்விகள் வரும். முதல்முறை பார்ப்பவர்கள் மிரண்டுவிடக்கூடும்; மூன்றுக்கும் என்டர் விசையை அழுத்திக்கொண்டே போனால் போதுமானது. பிறகு ஒரு எளிய மேசைத்திரை வந்து, ஜிபார்ட்டட் தானாகவே திறக்கிறது. தோற்றம் பழையது. உயர் துல்லியத் திரையில் எழுத்துகள் எறும்பு ஊர்வதுபோல இருந்தன, நான் கண்ணாடியைத் தேட வேண்டியதாயிற்று. ஆனால் அந்தப் பழைய தோற்றத்துக்குள் ஒரு தெளிவு இருக்கிறது. மேலே ஒரு நீளப் பட்டையில் வட்டு முழுவதும் இடமிருந்து வலமாக, உண்மையான வரிசையில் காட்டப்படுகிறது. ஒவ்வொரு பிரிவிலும் நிரம்பிய அளவு மஞ்சளிலும், காலியான அளவு வெள்ளையிலும், எவருக்கும் சொந்தமில்லாத இடம் சாம்பல் நிறத்திலும் தெரிகின்றன. என் சாம்பல் நிலத்துக்கும் சி டிரைவுக்கும் இடையே ஒரு நூல்போல நின்ற மீட்புப் பிரிவைப் பார்த்ததும், டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் புரியாதது ஒரு நொடியில் புரிந்துவிட்டது.

இந்தக் கருவியில் எனக்கு மிகவும் பிடித்த பண்பு அதன் பொறுமை. அழி, நகர்த்து, பெரிதாக்கு என்று நாம் எத்தனை கட்டளை கொடுத்தாலும் அவை கீழே ஒரு பட்டியலில் காத்திருக்குமே தவிர, வட்டில் ஒரு பைட்டுகூட மாறாது. மேலே உள்ள பட்டை மட்டும், இவற்றைச் செய்தால் வட்டு எப்படி இருக்கும் என்று காட்டும். பிடிக்கவில்லையென்றால் ஒவ்வொன்றாகத் திரும்பப் பெறலாம். பச்சைக் குறியை அழுத்தி உறுதி செய்த பிறகே வேலை தொடங்குகிறது. நான் அந்தப் பட்டியலை இரண்டு முறை வாசித்தேன். முதல் முறை, நகர்த்த வேண்டிய பிரிவுக்குப் பதிலாக டி டிரைவைத் தேர்ந்தெடுத்திருந்தேன் என்பது தெரிந்தது.

அந்தத் தவறு நடந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன், ஏனெனில் இந்த வேலையின் சிக்கல் முழுவதும் நகர்த்துவதில்தான் இருக்கிறது. ஒரு பிரிவின் வலது எல்லையைத் தள்ளுவது என்றால், கோப்புகள் இருந்த இடத்திலேயே இருக்கும், எல்லைக்கணக்கு மட்டும் மாறும். இடது எல்லையை மாற்றுவது என்றால், பிரிவின் உள்ளடக்கம் முழுவதையும் தூக்கி வேறிடத்தில் வைக்க வேண்டும். எவ்வளவு தூரம் நகர்கிறது என்பது பொருட்டே அல்ல, எவ்வளவு பெரியது நகர்கிறது என்பதே நேரத்தை நிர்ணயிக்கிறது. 700 எம்பி மீட்புப் பிரிவை 128 ஜிபி தூரம் தள்ளி டி டிரைவின் அருகில் வைக்க எனக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. 147 ஜிபி அளவுள்ள டி டிரைவை ஒரே ஒரு ஜிபி தூரம் நகர்த்தியிருந்தாலும், அந்த 147 ஜிபியையும் படித்து மறுபடியும் எழுத வேண்டியிருந்திருக்கும். பழைய சுழலும் வட்டாக இருந்தால் அது பல மணி நேரத்து வேலை. அந்த நேரத்துக்குள் மின்சாரம் போனாலோ, பொறுமையிழந்து ரத்து பொத்தானை அழுத்தினாலோ, பாதி புதிய இடத்திலும் பாதி பழைய இடத்திலுமாகக் கிடக்கும் பிரிவைச் சேர்த்துவைப்பது ஏறக்குறைய நடக்காத காரியம். ஜிபார்ட்டட் இதை மறைப்பதில்லை. இயங்குதளம் துவங்காமல் போகலாம் என்றும், நெடுநேரம் ஆகலாம் என்றும் எச்சரித்த பிறகே அனுமதிக்கிறது. ஆனால் அது காட்டும் மீதி நேரக் கணக்கை நம்பிப் படுக்கப் போகாதீர்கள். மடிக்கணினியை மின்னிணைப்பில் வைப்பதும், முக்கியமான கோப்புகளை வேறொரு வட்டில் முன்கூட்டியே நகலெடுப்பதும் கட்டாயம்.

மீட்புப் பிரிவை நகர்த்துபவர்கள் செய்ய வேண்டிய முன்வேலை ஒன்று உண்டு. விண்டோஸ் தன் மீட்புச் சூழல் வட்டில் எங்கே இருக்கிறது என்பதைத் தனியாகக் குறித்து வைத்திருக்கிறது. அதனால் நிர்வாகி உரிமையுடன் கட்டளைத் திரையைத் திறந்து, ரீஏஜென்ட்சி என்ற கட்டளையால் அதை முதலில் முடக்கிவிட்டு, எல்லா வேலையும் முடிந்த பிறகு அதே கட்டளையால் மீண்டும் இயக்க வேண்டும். ஜிபார்ட்டட் இதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாது. அதனிடம் எதிர்பார்ப்பதும் நியாயமில்லை, ஆனால் விண்டோஸ் பயனர்கள்தான் இதை அதிகம் நாடுகிறார்கள் என்பதால் ஒரு குறிப்பாவது இருந்திருக்கலாம்.

அதுபோலவே ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப். விண்டோஸை அணைத்தோம் என்று நாம் நினைக்கும்போது, அந்த வசதி காரணமாக அது அரைத்தூக்கத்தில்தான் இருக்கிறது. அந்த நிலையில், என்டிஎஃப்எஸ் என்ற கோப்பு முறைமையில் (விண்டோஸ் தன் கோப்புகளை அடுக்கி வைக்கும் முறை) உள்ள பிரிவின் அளவை மாற்ற ஜிபார்ட்டட் மறுத்துவிடும். மறுப்பது சரியே. ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை அணைத்துவிட்டு, முழுமையாக நிறுத்திய பிறகு பென் டிரைவிலிருந்து துவக்குவதே முறை.

மீட்புப் பிரிவு வழிவிட்டதும், சி டிரைவையும் ஜிபார்ட்டட்டிலேயே பெரிதாக்கியிருக்கலாம். நான் அப்படிச் செய்யவில்லை. பிரிவை நகர்த்தும் வேலையை மட்டும் இதனிடம் கொடுத்துவிட்டு, கணினியை விண்டோஸில் துவக்கி, இப்போது மங்காமல் தெளிவாகத் தெரிந்த எக்ஸ்டெண்ட் வால்யூம் கட்டளையால் 128 ஜிபியையும் சேர்த்துக்கொண்டேன். தன் கோப்பு முறைமையை விண்டோஸே நீட்டிக்கொள்வது நல்லது என்பது ஒரு காரணம். இன்னொரு காரணம், வட்டில் உள்ளதைச் சாவியின்றிப் படிக்க முடியாதபடி பூட்டும் விண்டோஸின் பிட்லாக்கர். இன்றைய மடிக்கணினிகள் பலவற்றில் மைக்ரோசாஃப்ட் கணக்கில் உள்நுழைந்ததுமே வட்டுக் குறியாக்கம் தானாக இயங்கிவிடுகிறது. உரிமையாளருக்கே அது தெரியாது. பிட்லாக்கரால் பூட்டிய பிரிவின் அளவை ஜிபார்ட்டட் மாற்ற இயலாது, ஆனால் விண்டோஸ் மாற்றிவிடும். மீட்புப் பிரிவு குறியாக்கப்படுவதில்லை என்பதால், மேலே சொன்னபடி வேலையைப் பங்கிட்டுக்கொண்டால் குறியாக்கத்தை நீக்கும் தொல்லையே வராது. ஆயினும் 48 இலக்கங்கள் கொண்ட மீட்புச் சாவியைத் தாளில் எழுதி வைத்துக்கொள்ளாமல் இந்த வேலையில் இறங்கக் கூடாது. துவக்க அமைப்பில் ஏதாவது மாறியதை உணர்ந்தால் கணினி அதைக் கேட்டு நிற்கும்.

இடம் திரும்பிவிட்டது, வேலை முடியவில்லை. நீக்கப்பட்ட லினக்ஸ் தன் பெயர்ப்பலகையைக் கழற்றாமல் போய்விடுகிறது. யுஇஎஃப்ஐ என்ற இன்றைய துவக்க முறையில் துவங்கும் கணினிகளில், இஎஃப்ஐ பிரிவு என்ற சிறிய பிரிவுக்குள் ஒவ்வொரு இயங்குதளமும் தனக்கென ஒரு கோப்புறையை வைத்துக்கொள்கிறது. தாய்ப்பலகையின் நினைவிலும் ஒரு பதிவைச் சேர்க்கிறது. லினக்ஸ் பிரிவை அழித்த பிறகும் அந்தக் கோப்புறையில் உள்ள கிரப் என்ற துவக்க நிரல் உயிரோடிருக்கும். முதலிடத்தில் அதுவே இருந்தால், கணினியைத் திறந்ததும் தன் வீட்டைத் தேடிக் காணாமல் கறுப்புத் திரையில் கிரப் என்ற சொல்லுடன் நின்றுவிடும். அதைக் கண்டு விண்டோஸும் அழிந்துவிட்டது என்று பதற வேண்டியதில்லை. துவக்க அமைப்புக்குள் போய் விண்டோஸ் பூட் மேனேஜரை முதலிடத்துக்கு ஏற்றினால் போதும். லினக்ஸை நீக்குவதற்கு முன்பே இதைச் செய்து, விண்டோஸ் தனித்துத் துவங்குகிறதா என்று பார்த்துவிடுவது அதைவிட நல்லது. எஞ்சிய பதிவை விண்டோஸின் பிசிடிஎடிட் கட்டளையால் நீக்கலாம். கோப்புறை சில எம்பிதான். இடத்துக்காக அதை அழிப்பதில் பொருளில்லை.

இங்கேதான் ஜிபார்ட்டட்டின் தாராளம் ஆபத்தாகிறது. டிஸ்க் மேனேஜ்மென்ட் இஎஃப்ஐ பிரிவை அழிக்க அனுமதிக்காது. ஜிபார்ட்டட்டுக்கு அத்தகைய தயக்கம் கிடையாது. நூறு எம்பி அளவில், பெயர் தெரியாமல் வட்டின் முன்னால் நிற்கும் அந்தப் பிரிவை லினக்ஸின் மிச்சம் என்று எண்ணி அழித்தால், விண்டோஸும் துவங்காது. விண்டோஸும் லினக்ஸும் பெரும்பாலும் அந்த ஒரே பிரிவைத்தான் பங்கிட்டுக்கொண்டிருந்தன. எந்தப் பிரிவையும் அளவை வைத்து மட்டும் அடையாளம் காணாதீர்கள். அதன் கோப்பு முறைமை என்ன என்பதையும் பாருங்கள். லினக்ஸின் பிரிவு பெரும்பாலும் எக்ஸ்ட்4 அல்லது லினக்ஸ் ஸ்வாப் என்றிருக்கும், இஎஃப்ஐ பிரிவு ஃபேட்32 என்றிருக்கும். தவறிப்போய் ஒரு பிரிவை அழித்துவிட்டால், உடனே நிறுத்திவிடுங்கள். பிரிவை அழிப்பது அட்டவணையிலிருந்து பெயரை அடிப்பது மட்டுமே, அதன் மேல் எதையும் எழுதாத வரை உள்ளடக்கம் பெரும்பாலும் அங்கேயே இருக்கும். இதே லைவ் தொகுப்பில் உள்ள டெஸ்ட்டிஸ்க் என்ற மீட்புக் கருவி அதைத் தேடி மீட்கும் வாய்ப்பு உண்டு.

எம்பிஆர் என்ற பழைய பிரிவு அட்டவணை முறையில் அமைந்த வட்டு உள்ளவர்களுக்கு வேறு சில கணக்குகள். அங்கே நான்கு முதன்மைப் பிரிவுகள்தான் இருக்க முடியும் என்பதால், லினக்ஸ் பெரும்பாலும் நீட்டிக்கப்பட்ட பிரிவு என்ற உறைக்குள் போய் உட்கார்ந்திருக்கும். உள்ளே இருப்பதை அழித்தாலும் உறை நீங்காது. அதையும் தனியே அழித்த பிறகே இடம் விடுதலையாகும். கிரப்பும் வட்டின் முதல் துண்டிலேயே எழுதப்பட்டிருப்பதால், விண்டோஸின் மீட்பு வட்டிலிருந்து பூட்ரெக் கட்டளையால் அதைத் திருத்தி எழுத வேண்டும்.

ஜிபார்ட்டட் இல்லாமலும் என் சிக்கலைத் தீர்த்திருக்க முடியும் என்பதை ஒளிக்கக் கூடாது. மீட்புச் சூழலை முடக்கியதும் அதன் கோப்பு சி டிரைவுக்கே திரும்பிவிடுகிறது. பிறகு டிஸ்க்பார்ட் கட்டளையால் அந்தப் பிரிவை அழித்து, சி டிரைவை நீட்டி, கடைசியில் ஏறக்குறைய ஒரு ஜிபி விட்டு, அங்கே புதிய மீட்புப் பிரிவை உருவாக்கலாம். 2024 ஜனவரியில் வந்த ஒரு விண்டோஸ் புதுப்பிப்பு, மீட்புப் பிரிவில் இடம் போதாமல் பல கணினிகளில் தோல்வியடைந்தபோது, மைக்ரோசாஃப்ட் பரிந்துரைத்த வழியும் ஏறக்குறைய இதுதான். ஆனால் அதற்கு ஒரு நீண்ட அடையாள எண்ணைப் பிழையின்றித் தட்டெழுத வேண்டும், வட்டின் படமும் கண்ணெதிரே இருக்காது. எண்களை மட்டும் பார்த்து அழிப்பதைவிடப் படத்தைப் பார்த்து நகர்த்துவதே எனக்கு மனநிம்மதி. விண்டோஸுக்குள்ளேயே இயங்கும் வணிகக் கருவிகளும் உள்ளன. அவற்றில் ஒன்று எல்லா மாற்றத்தையும் அழகாகத் திட்டமிட வைத்துவிட்டு, செயல்படுத்து பொத்தானை அழுத்தியதும் கட்டணப் பக்கத்தைத் திறந்தது. அந்த அனுபவத்துக்குப் பிறகு ஜிபார்ட்டட்டின் எறும்பு எழுத்துகள் எனக்குப் பொன்னெழுத்துகளாகத் தெரிந்தன.

இதற்கு நேர்மாறாக, விண்டோஸை நீக்கிவிட்டு லினக்ஸை மட்டும் வைத்துக்கொள்பவர்கள் என் வழியைப் பின்பற்ற வேண்டாம். அவர்களுக்குக் கிடைக்கும் வெற்றிடம் வழக்கமாக லினக்ஸின் இடப்பக்கத்தில் இருக்கும். அதைச் சேர்க்க வேண்டுமானால் லினக்ஸ் பிரிவு முழுவதையும் நகர்த்தியாக வேண்டும். ஜிபார்ட்டட் லைவ் அதைச் செய்யும், செய்து நன்றாக முடிந்ததையும் பார்த்திருக்கிறேன். ஆனாலும் பல மணி நேர அபாயத்தை ஏற்பதைவிட, அந்த வெற்றிடத்தில் எக்ஸ்ட்4 முறையில் ஒரு புதிய பிரிவை உருவாக்கி, படங்களும் காணொளிகளும் வைக்கும் கோப்புறையாக அதை இணைத்துக்கொள்வதே என் பரிந்துரை. அதற்குப் பென் டிரைவுகூடத் தேவையில்லை. ஓடிக்கொண்டிருக்கும் லினக்ஸிலேயே ஜிபார்ட்டட்டை நிறுவி, பத்து நிமிடத்தில் முடித்துவிடலாம்.